இழவு வீட்டில் வந்த சிரிப்பு

எங்கள் வீட்டில் இழவு விழுந்ததும் முதலில் நடந்த காரியம், தொலைக்காட்சிப் பெட்டிக்கு வேட்டி கட்டியதுதான். நம் ஊரில் கண்ணாடியை மூடுவோம், சாமி படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம், டிவியை அணைத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவோம். இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்தில், சிலிபின் பக்கத்து இந்த வீட்டில், மாமனாரின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே என் நாத்தனார் பீரோவைத் திறந்து அவருடைய பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தி, முனைகளைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். பதினாறு நாள் கழியும்வரை அவிழ்க்கக் கூடாதாம். தோட்டத்துப் பழக்கம் என்றார்கள். அதன்பிறகு கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் யாரோ முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பதினெட்டு வருடமாக இந்த வீட்டு மருமகள் நான். இன்னும் எத்தனை பழக்கம் எனக்குத் தெரியாமல் அந்தப் பீரோவுக்குள் மடித்து வைத்திருக்கிறார்களோ.

நாத்தனார் என்று உங்களுக்காக எழுதுகிறேன். வாய்க்கு அவள் அக்கா, லெட்சுமி அக்கா. என் கணவருக்கு நேர் மூத்தவள், பத்து வயது பெரியவள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். கமுந்திங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறாள். அப்பாவைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள், தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. வந்தாலும் கூடத்தில் உட்கார மாட்டாள், நேராகச் சமையல்கட்டுக்கு வந்துவிடுவாள். இந்த முறை பதினாறு நாளும் தங்குவதாகப் பெட்டியோடு வந்திறங்கினாள். அந்தப் பதினாறு நாளும் நான் எப்படி மூச்சு விட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் என்னைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிருந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

மாமனாரின் பிணத்துக்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அதற்குள் என்னைத் திட்டிவிடாதீர்கள். உடலைக் குளிப்பாட்டி முடித்து, சவப்பெட்டியில் வைத்து, பெண்கள் நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். என் கழுத்தைச் சுற்றி அக்காவின் கை. வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் ஒரு கயிறு வண்டி வருவதற்கு இடைஞ்சலாக இருந்தது, அதை அவிழ்ப்பதற்காக என் கணவரின் நண்பர் ஒருவர் நீளமான அலுமினிய ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யாரோ பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். மனிதர் ஏணியோடு திரும்பினார். காரியம் செய்துகொண்டிருந்த பண்டாரம் எலுமிச்சம்பழம் எடுப்பதற்காகச் சரியாக அந்த நொடியில் குனிந்தார். ஏணி அவர் தலைக்கு மேலே வீசிக்கொண்டு போனது. அப்பாடா என்று நினைப்பதற்குள் பண்டாரம் நிமிர்ந்தார், நண்பரும் "ஐயோ, யார் மேலயாச்சும் பட்டுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி திரும்பினார். ஏணியின் வால் பண்டாரத்தின் முதுகில் பட்டு, அவர் நிதானமாக, மரியாதையாக, குளிப்பாட்டிய தண்ணீர் மிச்சமிருந்த அண்டாவுக்குள் போய் உட்கார்ந்தார். கையில் எலுமிச்சம்பழம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள். எனக்கு உள்ளேயிருந்து கிளம்பியது. பல்லைக் கடித்தேன், புடவைத் தலைப்பை வாயில் திணித்தேன். உடம்பு குலுங்கியதே தவிர சத்தம் வெளியே வரவில்லை. பார்த்தவர்கள், பாவம், மாமனார் மேல் உயிரையே வைத்திருந்தவள், எப்படி அழுகிறாள் பார் என்று நினைத்திருப்பார்கள். உயிரை வைத்திருந்ததும் உண்மைதான். ஆனால் என் கழுத்தில் கிடந்த கை மட்டும் மெல்லக் கல்லாக இறுகியது.

சுடலையிலிருந்து எல்லோரும் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்தாள். "தோள்ல கை போட்டிருந்த எனக்கு நீ அழுவுறியா சிரிக்கிறியான்னு தெரியாதா? பதினாறாம் நாளு படையல யாரு ஆக்கணும்னு சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கறப்ப பேசிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

வெளியே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. இந்தக் குடும்பத்தில் செத்தவருக்குப் பதினாறாம் நாள் படையலை, அவருக்குச் சோறு போட்ட மருமகள்தான் ஆக்க வேண்டும். அவள் கைச்சோறு இலையில் விழக் கூடாது என்று ரத்த சொந்தம் சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவள் இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரிதான். என் பிறந்த வீடு ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா அம்மா இல்லை, அண்ணன் வீட்டை இடித்துக் கட்டிவிட்டான், என் பெயர் குடும்ப அட்டையிலிருந்தே போய்விட்டது. அங்கேயும் விருந்தாளி. இங்கேயும் இல்லையென்றால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்? மகள் ஜொகூரில் படிக்கிறாள், ஐந்தாம் நாளே திரும்பிப் போய்விட்டாள். தொழிற்சாலை பஸ் ஓட்டும் கணவரிடம் சொல்லலாம்தான். "உங்கப்பா பொணத்துக்கு முன்னாடி சிரிச்சேங்க" என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சிரிப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி அறை ஒன்று இருந்தது. இரும்புக் கதவு, ஒரு ஆபரேட்டர், அவர் இடுப்பில் சாவி. நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே எப்போதாவது கறுப்பு வெள்ளையில் பேச்சே இல்லாத பழைய வெள்ளைக்காரச் சிரிப்புப் படங்களைப் போடுவார்கள். சுவருக்குச் சாயம் அடிக்க ஏணி தூக்கி வருபவன், ஏணி போகிற வழியெல்லாம் ஆட்கள் சரிவது, வாளி தலையில் கவிழ்வது, மடக்குக் கட்டில் ஆளோடு சேர்ந்து சுவருக்குள் போய்விடுவது. இந்தியில் செய்தி ஓடினால் எழுந்துபோகிற கூட்டம், இதற்கு மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்க்கும். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து நின்று சிரித்தவர்கள் உண்டு. மொழி தெரிய வேண்டியதில்லை. விழுகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன? சிரித்துச் சிரித்துப் புரையேறி, என் முதுகில் யார் யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு இந்த ஊர்த் தமிழே பாதி புரியாது. காலையில் "பசியாறிட்டியா?" என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்கிறார்கள் என்பது தெரியாமல், யாரோ பட்டினி கிடக்கிறார்கள் போல என்று விழிப்பேன். கணவர் விடியுமுன் பஸ் எடுக்கப் போய்விடுவார். நானும் மாமாவும்தான் வீட்டில். லகாட் என்கிற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த மனிதர், தோட்டத்தை வீடுகளுக்கு விற்றபோது இங்கே வந்தவர். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒருநாள் மாலை நாலு மணிக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு பட வட்டை டிவியில் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் எங்கள் ஊர் ஜன்னலில் தொங்கிப் பார்த்த அதே படம், அதே ஏணி! "மாமா, இப்ப அந்த வாளி விழும் பாருங்க" என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாளி விழுந்தது. நான் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

அன்றிலிருந்து நாலு மணி எங்களுக்கு. வட்டு போய் கைப்பேசி வந்த பிறகும் அது மாறவில்லை. சில நாள் அவரே நடித்துக் காட்டுவார். தட்டில் நாலு குவளையோடு சமையல்கட்டுப் படியில் கால் தடுக்கி, முன்னே சாய்ந்து, பின்னே சாய்ந்து, விழப்போய் விழாமல் கடைசியில் நாற்காலியில் போய்த் தொப்பென்று அமர்வார். ஒரு குவளை உடைந்ததில்லை. எழுபது வயதுக்கு மேலும் செய்தார். செய்துவிட்டு, நான் சிரிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சிரித்த பிறகுதான் தேநீரைத் தொடுவார். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்க்கும் என்று ஊருக்குப் பேசும்போதெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

பட்ட காலிலே படும் என்பார்களே, பத்தாம் நாள் அது நடந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி துக்கத்துக்கு ரொட்டியும் பழமும் கொண்டுவந்தாள். கூடத்தில் வேட்டி கட்டிய பெட்டியைப் பார்த்து, "டிவி ரோசாக் கா? ருமா சாயா அடா சாத்து. மாவ்?" என்றாள். டிவி பழுதா, என் வீட்டில் ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை ஆன்ட்டி, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். பதினெட்டு வருடமாகியும் போகாத ஆட்டம் அது. அவளும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய கணவர் பின்பக்கம் வீங்கிய ஒரு பழைய டிவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க எங்கள் கேட்டில் நிற்கிறார். கேட்டைத் திறந்தது அக்கா.

நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவர் உள்ளே வந்து, வேட்டி கட்டிய டிவியின் பக்கத்திலேயே அதை இறக்கி வைத்துவிட்டார். "பகுஸ் லாகி," இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பதினாறு நாளு கூட ஒனக்குத் தாங்கல, இல்ல?" என்றாள். நான் விளக்கினேன். தலையாட்டியதை ஆட்டியே காட்டினேன். அது அவளுக்கு இன்னும் கேலியாகப் பட்டிருக்க வேண்டும். விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க நான் போட்ட சோற்றை அவள் தொடவில்லை, மூன்று வேளையும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றாள். இனி என்ன இருக்கிறது, சபையில் சொல்லப்போகிறாள், முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் மாமாவின் தம்பி வந்தார், என் கணவருக்குச் சித்தப்பா, நானும் அப்படியே கூப்பிடுவேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நானும் அக்காவும் சமையல்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருந்தோம். பையிலிருந்து ஒரு பெரிய கறுப்பு பீர் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். இங்கே படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள், சிகரெட், போத்தல் உள்பட.

"அண்ணனுக்குப் பிடிச்சது லா. நாளைக்கு எல ஓரமா வச்சிடுங்க" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சித்தப்பா, மாமா குடிக்கவே மாட்டாரே. ஒருநாள் கூட நான் பார்த்ததில்ல" என்றேன்.

அக்கா சிரித்தாள். பதினைந்து நாளில் முதல்முறை. குலுங்கிக் குலுங்கி, கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா என்னைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், "நான் வாரேன்" என்றவர், இழவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியேறினார். சிரிப்பைக் கேட்டு நான் பயந்தது அன்றுதான்.

"குடிக்கவே மாட்டாரா?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒக்காரு."

உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"தோட்டத்து ஹால்ல ஒரே ஒரு டிவி. ஆபீஸ் கிராணி வந்து பூட்டத் தொறந்து விடுவாரு. சனிக்கெழம இந்த விழுற படம் போடுவான். தோட்டமே சிரிக்கும். நானும் அம்மாவும் படம் பார்க்க மாட்டோம் லா. அப்பா மூஞ்சியத்தான் பார்ப்போம்."

"ஏங்க்கா?"

"சம்சு சாராயம் எவ்ளோ உள்ள போயிருக்குன்னு அந்தச் சிரிப்புலேயே தெரியும். வீட்டுக்கு வந்து அதே மாரி விழுந்து காட்டுவாரு. நாங்க வரிசையா நிக்கணும். சிரிக்கலன்னா அடி. ரொம்ப சிரிச்சா, என்னயப் பார்த்தா கோமாளியாத் தெரியுதான்னு அதுக்கும் அடி. அளந்து சிரிக்கணும். எனக்குப் பத்து வயசு. தம்பி கைப்புள்ள, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்கு வெவரம் வர்றதுக்குள்ள அம்மா செத்துட்டாங்க. அதுக்கப்புறம் குடிய விட்டாரு. ஒரே நாள்ல விட்டாரு. அவங்க இருக்கறப்ப விடல."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்குப் பண்டாரம் விழுந்தாரே. நீ சிரிச்ச. யாராச்சும் விழுந்தா இன்னிக்கும் நான் விழுறதப் பார்க்க மாட்டேன். எழுந்திருக்கறப்ப கைல என்ன இருக்கும்னுதான் பார்ப்பேன். அவரு கைல எலுமிச்சம்பழம் இருந்துச்சு. எங்கப்பா பொணத்துக்கு முன்னால, எனக்கு வராத சிரிப்பு ஒனக்கு வந்துச்சு. கோவம் வராதா பின்ன?"

பதினெட்டு வருடம் நாலு மணிக்கு நான் பார்த்த மனிதர் யார்? குவளைத் தட்டோடு தடுமாறிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போது அவர் யாருடைய சிரிப்புக்குக் காத்திருந்தார்? ஒருநாள் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்று அடித்துச் சொல்வேன், அவர் என்மேல் குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஆனால் இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? உனக்கு அடி கொடுத்த அதே விளையாட்டை வைத்துத்தான் எனக்கு இந்த நாட்டைப் பழக்கிக் கொடுத்தார் என்றா? அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் இல்லாத வெறுமையும் சேர்ந்தே வந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"நாளைக்கு நீயே ஆக்கு" என்றாள் அக்கா. "அவருக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்." பீர் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, கழுவும் தொட்டியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காலைக் காரியங்கள் முடிந்தன. நெத்திலிச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, எங்கள் ஊர்ப் பக்குவத்தில் வைத்தால் மாமா தட்டை வழித்துச் சாப்பிடும் மொச்சைக் குழம்பு, எல்லாம் என் கையால் ஆக்கினேன். நான் ஜெயித்துவிட்டேன்தான். சபையில் ஒரு சொல் எழவில்லை. மாமாவின் அறையில் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் பரிமாறினோம். சித்தப்பா இலையோரம் பார்த்தார், போத்தல் எங்கே என்று கேட்கவில்லை. இனி செத்தவரை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவதற்குக் கொஞ்ச நேரம். கூப்பிடுவது மூத்த மகளின் உரிமை.

அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. "பாவம், தாங்கல புள்ளைக்கு" என்று பின்னால் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அறுபது வயதுக்காரியின் முகம் இல்லை அது.

"நீ கூப்புடு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீ கூப்புட்டா ஒனக்குத் தெரிஞ்சவருதான் வருவாரு."

முன்னால் போனேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"மாமா, வாங்க" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை! எனக்கே வெட்கமாக இருந்தது. பின்னால் என் புடவையை ஒரு கை பிடித்தது.

"சாப்பிட வாங்க, மாமா." பிடி இறுகியது. இடுப்புக் கொசுவமே அவிழ்ந்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது முறை. எல்லோரும் காத்திருந்தார்கள். இந்த வீட்டுக்காரியாக நான் அவரை அழைக்க வேண்டும், இந்தக் குடும்பத்திலேயே பிறந்தவள் அவர் வந்துவிடுவாரோ என்று என் பின்னால் ஒளிந்து நிற்கிறாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க, மாமா" என்றேன்.

வா என்று முடிக்க வேண்டிய இடத்தில் போ என்று முடித்ததைச் சித்தப்பா கவனித்தார், நெற்றியைச் சுருக்கினார். ஊரிலிருந்து வந்தவளுக்கு இங்கத்து முறை தெரியவில்லை என்று நினைத்திருக்கலாம். எல்லோரும் வெளியேறினோம். கணவர் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் பந்தலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் மட்டும் கதவருகே நின்றோம். அவள் கை இன்னும் என் புடவையை விடவில்லை. உள்ளே ஏதாவது சத்தம் கேட்காதா என்று நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிடக் கூடாதே என்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.